கன்னத்தில் இரண்டு விரல்

பிரெடெரிசியா
26 ஓகஸ்ட் 2003

அக்கா,

இன்று யோர்டெமோடரிடம் போயிருந்தேன். மருத்துவிச்சி என்று எழுதினால் நரைத்த தலையோடு யாரோ நினைவுக்கு வருவார்கள். இவள் சைக்கிளில் வேலைக்கு வருகிறவள். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட.

காத்திருக்கும் அறையில் சஞ்சிகைகள் கிடந்தன. ஒன்று உங்கள் அமைப்பினுடையது. திறந்தேன். நடுப்பக்கத்தில் நீங்கள்.

தரையில் குந்தியிருக்கிறீர்கள். முன்னால் ஒரு சிறுமி. உங்கள் இடது கை அவளின் கன்னங்களைப் பிடித்திருக்கிறது. ஒரு பக்கம் பெருவிரல், மறு பக்கம் சுட்டுவிரல். அவளின் வாய் மீன் வாய் போலக் குவிந்து திறந்திருக்கிறது. வலது கையில் கோப்பை. கீழே டேனிஷில் எழுதியிருந்தார்கள்: "மொன்றோவியாவில் எங்கள் தாதி நவோமி."

எங்கள்.

அந்தப் பிடி என்னுடையது. யாழ்ப்பாணத்தைப் பற்றி எனக்கு இருக்கிற முதல் ஞாபகமே அதுதான். அம்மா இல்லை. சனம் நிறைந்த ஏதோ ஒரு கட்டிடம். என் கன்னத்தில் இரண்டு விரல். வாய்க்குள் ஏதோ இனிப்பாய் இறங்குகிறது. முகம் நினைவில்லை. முகம் எதற்கு, விரல்கள் உங்களுடையவை.

பையில் வைக்கப் படத்தைக் கிழித்தேன். வரவேற்பில் இருந்தவள் பார்த்தாள். "என் அக்கா" என்றேன். அவள் அந்தச் சிறுமியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் உங்களைச் சொன்னேன் என்பது அவளுக்கு விளங்கியதோ தெரியாது.

யாழ்ப்பாணப் பாதை திறந்ததிலிருந்து இங்கே எல்லோரும் ஊருக்குப் போய் வருகிறார்கள். ஏ-ஒன்பதில் பஸ் பிடித்த கதையைச் சபையில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நீங்கள் மட்டும் லைபீரியாவுக்குப் போனீர்கள்.

நவம்பர் கடைசியில் பிள்ளை. ஒக்ரோபரில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

ஜெனிதா


மொன்றோவியா
7 செப்ரெம்பர் 2003

ஜெனி,

உன் கடிதம் கொப்பன்ஹேகன் அலுவலகப் பையில், மருந்துப் பெட்டிகளோடு வந்தது. முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சஞ்சிகையைக் கிழித்ததற்கு உன்னை ஏசவேண்டும். உன் கணவன் ஸ்ரனியிடம் சொல்லி இன்னொன்று வாங்கிக் கொண்டுபோய் வை.

சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். அக்ராவில் கையெழுத்து வைத்துவிட்டார்கள். எங்களுக்கு அது தெரிந்த விதம் வேறு. சண்டை நடந்தபோது ஒன்றிரண்டு பிள்ளைகள்தான் வந்தார்கள், வழியில் தடைகள். இப்போது பாதை திறந்ததும் எல்லாரும் ஒன்றாக வருகிறார்கள். சமாதானம் வந்த கிழமைதான் எங்கள் விறாந்தை நிரம்பியது. இது ஒரு பள்ளிக்கூடம். கரும்பலகையில் இன்னும் பெருக்கல் வாய்ப்பாடு இருக்கிறது.

படத்தில் இருப்பவள் கார்மாய். நாலு வயதிருக்கலாம், அவளுக்கே தெரியாது. ஒரு கிழவர் பாதையோரத்தில் கண்டெடுத்துத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து விட்டார். கால் வீங்கியிருந்தது. தெரியாதவர்கள் பார்த்தால் கொழுத்த பிள்ளை என்பார்கள். அது பட்டினி வீக்கம். கையைச் சுற்றி ஒரு நாடா போட்டுப் பார்ப்போம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் இருக்கும். அவளுடைய கை சிவப்பில் நின்றது.

இப்படியான பிள்ளைக்கு வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்தால் இதயம் தாங்காது. செத்துப்போகும். நிறையைப் பார்த்து, அதற்கேற்ற பாலை, கொஞ்சம் கொஞ்சமாகக் கோப்பையால் பருக்க வேண்டும். இன்னும் கேட்டு அழுகிற பிள்ளைக்கு முன்னாலிருந்து கோப்பையை எடுக்க வேண்டும். நம்முடைய ஆட்களுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. யாராவது வீட்டுக்கு வந்தால், கையால் மறைத்தாலும் விடாமல் சோற்றைப் போடுகிற சனம் நாங்கள். முதல் கிழமை எடுத்த கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். "காணும், போதும்" என்று தமிழில்தான் வாயில் வந்தது.

இப்போது கார்மாய்க்கு அது தெரியும். கோப்பை முடிந்ததும் தானே "காணும்" என்கிறாள். மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்கிறாள், பெரிய டொக்ரர் மாதிரி.

வருவேன் என்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காய்ப் போடு.

அக்கா


பிரெடெரிசியா
19 செப்ரெம்பர் 2003

அக்கா,

என் பிள்ளைக்கு முன்னால் அவளுக்குத் தமிழ் படிப்பித்துவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தின் பந்திகளை எண்ணவில்லை, பார்த்தாலே தெரிகிறது. கார்மாய்க்கு எத்தனை பந்தி, எனக்கு ஒரு மாத்திரை.

ஓடென்ஸில் படிப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன். பகல் முழுவதும் வீடு. ஸ்ரனி இறைச்சித் தொழிற்சாலையில் இருந்து வந்து, "என்ன யோசிக்கிறீர்?" என்பான். "ஒண்டுமில்லை" என்பேன். ஒன்றுமில்லைதான். ஒரு சிறுமி. நான் கண்டிராத ஒரு சிறுமியை நான் விரும்பவில்லை. அவளுக்கு வீடு இல்லை, தாய் இல்லை, கால் வீங்கியிருந்தது. எல்லாம் தெரியும். தெரிந்தும் விரும்பவில்லை. இதை டேனிஷில் யாருக்கும் சொல்ல முடியாது. தமிழில் சபையில் சொல்ல முடியாது. உங்களுக்குத்தான் சொல்லலாம். உங்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சபையில் நீங்கள் இப்போது பெரிய ஆள். போதகர் பாலேந்திரா படத்தைப் பெரிதாக்கி மேடையில் வைத்துவிட்டார். ஞாயிறு தோறும் ஜெபம். முதலில் கார்மாய். பிறகு லைபீரியா தேசம். பிறகு நீங்கள். முடிகிற நேரத்தில் யாராவது, "பாஸ்ரர், ஜெனிதாவின்ர சுகப்பிரசவம்" என்று ஞாபகப்படுத்துவார்கள். ஆமென் அதற்குள் பாதி சொல்லியாகிவிடும்.

மேரிகிறேஸ் அன்ரி பால்மாவும் போத்தலும் சேர்க்கிறா. டோஸ்ட்ருப், ஹ்விடோவ்ரே சபைகளுக்கெல்லாம் ரெலிபோன் எடுத்து, "பிள்ளையள் பசியில கிடக்குதுகள், நீங்கள் என்ன சோபாவில படுத்திருக்கிறியள்?" என்று கத்தினா. அவவின் கராஜ் நிறைந்துவிட்டது. சின்னப் பால் போத்தல்கள், இறப்பர் முனைகள், முயல் படம் போட்டவை. என்னையும் கூப்பிட்டுப் பெட்டி கட்ட வைத்தா. எட்டாம் மாதத்தை நெருங்குகிற வயிற்றோடு நான் குந்தியிருந்து மற்றப் பிள்ளைகளுக்குப் போத்தல் கட்டினேன். முயல் படம் போட்டது ஒன்றை ஒளித்து எடுத்து வந்தேன். என் பிள்ளைக்கு.

பெட்டிகள் கப்பலில் வரும். நீங்கள் எப்போது வருகிறீர்கள்? திகதி எழுதுங்கள்.

ஜெனிதா


மொன்றோவியா
2 ஒக்ரோபர் 2003

ஜெனி,

நேற்று இங்கே படையினர் தொப்பி மாற்றினார்கள். அதே மேற்கு ஆபிரிக்க ஆட்கள்தான், இன்றைக்கு ஐ.நா.வின் நீலத் தொப்பி. கார்மாய் வேலியில் ஏறி நின்று பார்த்துவிட்டு வந்து, தலையில் நீலப் பிளாஸ்ரிக் கோப்பையைக் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள். எல்லாருக்கும் சிரிப்பு. இந்தப் பக்கம் அப்படி ஒரு சத்தம் கேட்டு நாளாயிற்று.

இனி இரண்டு விஷயம். இரண்டும் உனக்குப் பிடிக்காது.

ஒன்று, போத்தல்கள். அவை எங்களுக்கு வேண்டாம். இங்கே கிணற்றுத் தண்ணீரில் வாந்திபேதி இருக்கிறது. போத்தலைக் கொதிக்கவைக்க விறகு இல்லை. பால்மா இலவசமாகக் கிடைக்கிறது என்று தாய்மார் தங்கள் பாலை நிறுத்துகிறார்கள்; மா முடிந்ததும் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. அழுக்குப் போத்தல் பிள்ளையைக் கொல்லும். போன மாதம் வேறு யாரோ அனுப்பியவை வந்து, அதனால் இரண்டு குழந்தைகளை இழந்தோம். உங்கள் பெட்டிகள் வந்தால் நான் திறக்கக்கூட விடமாட்டேன்.

மேரிகிறேஸ் அன்ரியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லு. அவவுடைய மனது எனக்குத் தெரியும். இங்கே தேவைப்படுவது சவர்க்காரம், மூடியுள்ள வாளி, சம்பளம் கிடைக்காமல் மாதக்கணக்காக வேலை செய்கிற இந்த ஊர்த் தாதிமாருக்குச் சம்பளம். பிள்ளைகளின் சொந்தக்காரரைத் தேடித் திரிகிற ஆட்களுக்கு மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல். இதற்கெல்லாம் முயல் படம் ஒட்ட முடியாது, அதுதான் பிரச்சினை. அனுப்புவதற்கு முதல் என்ன வேண்டும் என்று கேட்டால் போதும்.

இரண்டாவது. என் இடத்துக்கு வரவேண்டியவர் வரவில்லை. ஆண்டு முடியும்வரை நிற்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஓம் என்று சொல்லிவிட்டேன். கார்மாயைத் தேடி இன்னும் யாரும் வரவில்லை. தெரியாத கையில் அவள் சாப்பிடமாட்டாள்.

நீ கோல்டிங் ஆஸ்பத்திரியில் பெறப்போகிறாய், ஜெனி. வெந்நீர் குழாயில் வருகிற இடம்.

அக்கா


பிரெடெரிசியா
13 ஒக்ரோபர் 2003

நவோமி அக்கா,

வெந்நீர் வருகிறது. ஓம். நன்றி.

நீ சொன்னபடி செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் எழும்பினேன். "அக்காவிட்ட இருந்து கடிதம் வந்திருக்கு, வாசிக்கட்டோ?" என்றேன். "வாசி பிள்ளை, வாசி!" என்று மேரிகிறேஸ் அன்ரிதான் முதலில் சொன்னா. முன்வரிசையில், மடியில் கைப்பை.

வாசித்தேன். "அவை எங்களுக்கு வேண்டாம்." "அழுக்குப் போத்தல் பிள்ளையைக் கொல்லும்." "திறக்கக்கூட விடமாட்டேன்." நல்ல உரத்த குரலில். ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை. உன் எழுத்து.

பிறகு அன்ரி எழும்பினா.

"அப்ப நாங்கள் என்ன, நஞ்சோ அனுப்பினனாங்கள்?"

"சகோதரி, இருங்கோ."

"இருக்கேலாது பாஸ்ரர்! முழங்கால் நோவோட வீடு வீடா ஏறி இறங்கினது நான். படிச்ச திமிர் பேசுது. பள்ளிக்கூடத்துக்கு அவளை ஆர் கொண்டுபோய்ச் சேர்த்தது? அதுகளின்ர தேப்பன் வேலைக்குப் போன நேரம் ஆர் சோறு குடுத்தது?"

படத்தை மேடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சுவரில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மை. ஆராதனை முடியும்வரை சந்தோஷமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது பிள்ளை உள்ளே உதைத்தது. அதுக்கும் தெரிந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

தெரியாத கையில் அவள் சாப்பிடமாட்டாளாம். நானும் சாப்பிடாத பிள்ளைதான். எனக்கு உன் கை மட்டும்தான் தெரியும். நான் பிறகு வேறு கையைப் பழகிக்கொள்வேன் என்று நினைத்துத்தானே போனாய்?

நாள் சொல்லிவிட்டுப் போனது நீ. வராமல் விடுகிறதும் நீ. இனி எழுதத் தேவையில்லை.

ஜெ.


மொன்றோவியா
27 ஒக்ரோபர் 2003

ஜெனிதா,

முதல் தடவை என்னை "நீ" என்று எழுதியிருக்கிறாய். எழுது. அது பரவாயில்லை.

போதகரும் எழுதியிருக்கிறார். மரியாதையான கடிதம். வாசித்து முடித்தபின் போய் முகம் கழுவினேன். பக்குவமாகச் சொல்லு என்று எழுதியிருந்தேன். அந்த வரியை மட்டும் நீ வாசிக்கவில்லை.

இரண்டு நாள் உன்மேல் கோபத்தோடு வேலை செய்தேன். மூன்றாம் நாள் விறாந்தையில் ஒரு சிறுமியைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வயது. தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு வந்தவள். நாங்கள் அவனை வாங்கிப் பால் பருக்கும்போது, கதவுக்கு வெளியே நின்று எங்களை முறைத்தாள். சும்மா முறைக்கவில்லை. கடித்துத் தின்கிற மாதிரி. அந்த முகம் எனக்குத் தெரியும்.

எண்பத்தேழு ஐப்பசி. செல் குண்டு விழுந்து அம்மா போய் ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ. அப்பா அங்கே டென்மார்க்கில், அவருக்குச் செய்திகூடப் போகவில்லை. உனக்கு ஐந்து வயது, எனக்குப் பன்னிரண்டு. உனக்கு வயிற்றோட்டம், கண் சொருகிவிட்டது. சனத்தோடு நடந்து பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு வெளிநாட்டுத் தாதி இருந்தாள். எந்த நாடு என்று இன்றைக்கும் தெரியாது. உயரமானவள், முதுகு கூனிக் குந்துவாள். உன்னை என் கையிலிருந்து வாங்கினாள். என்னை வெளியே விட்டாள். நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள்தான் உன் கன்னத்தைப் பிடித்தாள். பெருவிரல், சுட்டுவிரல். மீன் வாய். கோப்பை. நீ இன்னும் கேட்டு அழ, கோப்பையை எடுத்துவிட்டுச் சொல்வாள், "காணும், காணும்." அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ். என் தங்கச்சிக்குக் காணும் என்று சொல்ல நீ ஆர் என்று யன்னலில் நின்று பல்லைக் கடித்தேன். நீ அவளை அம்மா என்று கூப்பிட்டாய். நான் உள்ளே வந்தபோது அவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னிடம் வரமாட்டேன் என்றாய்.

உன் ஞாபகத்தில் இருக்கிற அந்த விரல்கள் என்னுடையவை இல்லை, ஜெனி. நான் யன்னலில் நின்று பார்த்துப் பழகியவை. பிறகு வீட்டில் அப்படியே உனக்குச் சோறு தீத்தினேன், நீ அவளை மறக்கவேண்டும் என்று. மறந்துவிட்டாய். அது எனக்கு வெற்றியாக இருந்தது.

அவளுடைய ஊரிலும் அவளுக்கு ஒரு தங்கச்சி இருந்திருக்கலாம். உன்னைப்போல் ஒருத்தி.

எழுதத் தேவையில்லை என்றாய். எழுதிவிட்டேன்.

அக்கா


மொன்றோவியா
14 நவம்பர் 2003

ஜெனி,

உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. சுகமாய் இருக்கிறாயா என்று ஸ்ரனியாவது இரண்டு வரி எழுதலாம்.

கார்மாய் போய்விட்டாள்.

நீ கிழித்த அதே படம். அதைத்தான் அகதி முகாம்களில் பலகையில் ஒட்டியிருந்தார்கள். என்னை வெட்டிவிட்டு அவளை மட்டும். முழுதாக வெட்ட முடியவில்லை. கன்னத்தில் என் இரண்டு விரல்கள் மட்டும் நின்றன. அறுபது மைல் தள்ளி ஒரு முகாமில் ஒரு பெண் அதைப் பார்த்து, "இது என் அக்காவின் பிள்ளை" என்று சொல்லியிருக்கிறாள். ஒரு கிழமை விசாரித்தார்கள். பிள்ளையை யாருக்கும் சும்மா தூக்கிக் கொடுக்கமாட்டார்கள். காதுக்குப் பின்னால் இருந்த தழும்பைச் சரியாகச் சொன்னாள். தாய் இல்லை என்பதும் அப்போதுதான் உறுதியானது.

நேற்று வந்தாள். உன் வயதுதான். இரவல் சட்டை, நன்றாகத் தோய்த்து மடிப்புக் கலையாமல். கார்மாய் முதலில் என் பின்னால் ஒளிந்தாள். அந்தப் பெண் தரையில் இருந்துகொண்டாள். ஏதோ ஒரு பாட்டை மெல்லிதாய் முணுமுணுத்தாள். கார்மாயின் கை என் சட்டையை விட்டது. நாலு மாதம் என்னைப் பிடித்திருந்த கை. நடந்து போய் அவளின் மடியில் ஏறி இருந்துவிட்டாள், நேற்றுத்தான் இறங்கியவள் மாதிரி.

கைநாடா பச்சையில் நின்றது. நிலக்கடலைப் பசைப் பைக்கற்றுகள், நுளம்பு வலை, ஒரு வாளி, போர்வை. எல்லாம் கொடுத்தோம். ஒவ்வொரு மாதமும் ஆள் போய்ப் பார்க்கும். இதற்காகத்தான் வந்தேன். ஒரு பிள்ளை தன் ஆட்களோடு போவதற்கு. எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

வண்டி வெளிக்கிட்டபோது திரும்பிப் பார்ப்பாள் என்று கேற்றடியில் நின்றேன். பார்க்கவில்லை. சிற்றன்னையின் வாயில் எதையோ ஊட்டிக்கொண்டிருந்தாள், கன்னத்தைப் பிடித்து.

அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கவில்லை, ஜெனி. இதை இங்கே ஒருவருக்கும் சொல்ல முடியாது. உனக்குச் சொல்லலாம்.

டிசம்பர் நடுவில் ஒரு கிழமை லீவு தந்திருக்கிறார்கள். வரட்டுமா?

அக்கா


பிரெடெரிசியா
24 நவம்பர் 2003

அக்கா,

பெண்பிள்ளை. வெள்ளிக்கிழமை விடிய. இரண்டு பேரும் சுகம். ஸ்ரனி மயங்கி விழுந்தான், அவனும் சுகம்.

பிறந்த அன்று அவள் பால் குடிக்கவில்லை. வாயைப் பூட்டிக்கொண்டு தலையைத் திருப்பினாள். என்னால் முடியவில்லை. அந்தச் சைக்கிள்கார மருத்துவிச்சி அன்று கோல்டிங்கில் முறை வேலையில் நின்றாள். வந்து குனிந்து, பிள்ளையின் கன்னத்தை இரண்டு விரலால் பிடித்தாள். வாய் திறந்தது. அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. "கையை எடு, இது என்ர பிள்ளை" என்று சொல்லியும் விட்டேன். தமிழில் வந்ததால் அவளுக்கு விளங்கவில்லை. சிரித்தாள்.

பிறகு அவளின் விரல்களைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த தடவை மணி அடித்து அவளைக் கூப்பிடவில்லை. நானே பிடித்தேன்.

பருத்தித்துறைத் தாதியை நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கூனிய முதுகுகூட இல்லை. நானும் திரும்பிப் பார்க்காமல்தான் போயிருப்பேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு.

முந்தநாள் மேரிகிறேஸ் அன்ரி வந்தா. வாசலில் நின்று, "உன்னோட எனக்குக் கதை இல்லை, பிள்ளை பெத்தவளுக்குச் சரக்குக் கறி குடுக்காமல் விட்டால் பாவம், அதுதான்" என்றா. உள்ளே வந்து சட்டியை வைத்தா. நான் மிச்சக் கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன். பக்குவமாகச் சொல்லு என்ற வரி. அவவுடைய மனது எனக்குத் தெரியும் என்ற வரி. சட்டியின் மூடியைத் திறந்து மூடினா.

"அப்ப வாளி எத்தினை வேணுமாம்?"

"தெரியாது அன்ரி."

"தெரியாட்டிக் கேள். சும்மா குந்தியிருக்கிறாய்."

கேட்டிருக்கிறேன். பதில் எழுதுங்கள். பெட்டிகள் கொப்பன்ஹேகன் துறைமுகத்தைத் தாண்டவில்லை; திருப்பி எடுப்பிக்கிறா. முயல் போத்தலைக் கழுவி அலுமாரியில் வைத்திருக்கிறேன். தேவைப்படவில்லை.

கார்மாய் போனதை வாசித்தபோது முதலில் என்ன நினைத்தேன் என்று எழுதமாட்டேன். உங்களுக்குத் தெரியும். இரண்டாவதாக, அந்தச் சிற்றன்னைக்கு உதவிக்கு ஆர் நிற்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தக் கேள்விக்கும் பதில் எழுதுங்கள்.

இன்னும் பெயர் வைக்கவில்லை. கார்மாய் என்று வைக்கமாட்டேன், நினைக்கவே வேண்டாம். நீங்கள் வந்து தூக்கலாம். கேட்டுவிட்டுத் தூக்க வேண்டும். அழுதால் உடனே என்னிடம் தந்துவிட வேண்டும். உங்கள் கையில் அவள் என் கையைவிட நன்றாய் நித்திரை கொண்டால், அதை எனக்குச் சொல்லக்கூடாது.

ஒரு கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு அது காணாது, அக்கா.

ஜெனி